இரட்டைச் சுவர் சுடுதண்ணிப் போத்தல்: நம்ம பட்டறையில எவ்வளவு தூரம் செய்யலாம்?

வாவிக்கரை (கல்லடி)

வெட்டுக் காலத்தில வயலுக்குக் கொண்டுபோக ஒரு போத்தல் வரைஞ்சு வச்சிருக்கன். விடிய 5 மணிக்கு ஊத்தின தேத்தண்ணி பகல் 12 மணிக்கும் ஊதிக் குடிக்கிற சூட்டில இருக்கோணும். அளவுகளைப் போடுறன், பிழை பிடிங்க.

உள்சுவரின் வெளிவிட்டம் 66 மி.மீ., வெளிச்சுவரின் உள்விட்டம் 73. ஆக இடைவெளி 3.5. கழுத்தைச் சேக்காம உள்ளுயரம் 220, கொள்ளளவு 750 மி.லீ. அளவு. வாய் 45 மி.மீ. ரெண்டும் 304 எண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, உள்ளுக்கு 0.4, வெளியில 0.5 தடிப்பு. வாய் விளிம்பில ஆர்கன் வெல்டிங்கால ரெண்டையும் சேக்கிறது. அடியில 6 மி.மீ. செப்புக் குழாய் ஒண்டு வச்சு, பிரிட்ஜ் திருத்துற ஆக்களின்ட வக்கியூம் பம்பால காத்தை இழுத்து, குழாயை நசுக்கிப் பற்றவைக்கிறது. மூடி பொலிப்புரோப்பிலீன் தடியில கடைஞ்சு எடுக்கிறது.

கேள்வி மூண்டு. இடைவெளியை 6, 7 ஆக்கினா இன்னும் கூட நேரம் சூடு நிக்குமா? அந்தப் பம்ப் போதுமா? இதையே 5 லீற்றர் ஐஸ் தண்ணிக் கேனாப் பெருப்பிக்கலாமா?


சூட்டுக்கணக்கு (களுவாஞ்சிக்குடி)

தம்பி, முதல்ல சூடு எந்த வழியால போகுது எண்டு பிரிச்சுப் பாப்பம். தண்ணி 90 பாகை, வெளிச்சுவர் 30 பாகை எண்டு வச்சு உங்கட அளவுக்குக் கணக்குப் போடுறன். இடையில நல்ல வெற்றிடம் இருக்கு எண்டே வச்சுக்கொள்ளுங்க.

கதிர்வீச்சு: உள்சுவரின் பரப்பு ஏறக்குறைய 0.049 சதுர மீற்றர். ரெண்டு பக்கமும் சாதாரண ஸ்டெயின்லெஸ் (கதிர்வீசுதிறன் 0.15 அளவில) எண்டா 2 வாட் போகும். உள்சுவரின் வெளிப்பக்கத்துக்குச் செப்பு முலாம் போட்டா, அல்லது மெல்லிய செப்புத் தகடு சுத்தினா, அது 0.6 வாட்டுக்கு இறங்கும். செப்பின் கதிர்வீசுதிறன் 0.03 அளவுதான்.

கழுத்து: 45 மி.மீ. வாயில, தண்ணி மட்டத்தில இருந்து விளிம்பு வரைக்கும் 40 மி.மீ. நீளம், 0.4 தடிப்பு எண்டா 1.4 வாட். கழுத்தை மட்டும் 0.2 ஆக மெலிச்சா 0.7.

மூடி: 20 மி.மீ. கட்டியான பிளாஸ்டிக் எண்டா 0.9 வாட்டுக்குக் கிட்ட. அதையே வெறும் கூடாக்கி உள்ளுக்குப் போம் அடைச்சா 0.2.

நீங்கள் வரைஞ்சபடி செய்தா மொத்தம் 4.3 வாட். 750 மி.லீ. தண்ணிக்கு 1 வாட் எண்டது மணித்தியாலத்துக்கு 1.15 பாகை இறக்கம். ஆக தொடக்கத்தில மணிக்கு 5 பாகை. செப்பு, மெல்லிய கழுத்து, போம் மூடி மூண்டையும் சேத்தா 1.5 வாட், மணிக்கு 1.7 பாகை. கணக்கில வாறது எப்பவும் நல்ல பக்கத்து எண். வொஷரால கசியிற ஆவி, உள்ளுக்கு மிஞ்சின வாயு எல்லாம் சேர்ந்து கையில வாறது இதைவிட மோசமாத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில இடைவெளி எங்கயாவது வருதா? இல்லை. வெற்றிடம் சரியா இருந்தா 3 மி.மீ. உம் 7 மி.மீ. உம் ஒண்டுதான். இடைவெளியைக் கூட்டினா போத்தல் மொத்தமாகும், கொள்ளளவு குறையும், வேற நன்மை கிடையாது. ரெண்டு சுவரும் முட்டாம இருக்கிறதுக்கும் விழுந்தா வாற நெளிவுக்கும் இடம் விட்டா போதும். உங்கட 3.5 சரி.


குளிர்காற்று (அக்கரைப்பற்று)

பம்ப் விசயம் என்ட பக்கம், அதை நான் சொல்றன். ஏலாது.

ஏசி வேலையில 500 மைக்ரோனுக்கு (வக்கியூம் அமுக்கத்தை நாங்க அளக்கிற அலகு) இறங்கினா நாங்க நிப்பாட்டிடுவம். அது 67 பாஸ்கல். நல்ல இரண்டு கட்டப் பம்ப், புது எண்ணெய், குறுகின ஹோஸ் எல்லாம் வச்சாலும் பம்பின்ட பெட்டியில எழுதியிருக்கிறது 15, 25 மைக்ரோன், அதாவது 2, 3 பாஸ்கல். அதுவும் பம்பின்ட வாயில. 6 மி.மீ. குழாய்க்கு அங்கால, போத்தலுக்குள்ள, அதைவிடக் கூடத்தான் இருக்கும். கேஜை எந்த இடத்தில மாட்டியிருக்கு எண்டு பாக்காம எண்ணை நம்பக்கூடாது.


வாவிக்கரை

குளிர்காற்று காக்கா, வளிமண்டலம் 1 லட்சம் பாஸ்கல். அதில 10 பாஸ்கலுக்கு இறக்கிட்டா பத்தாயிரத்தில ஒரு பங்கு காத்துத்தானே மிச்சம்? அந்தக் கொஞ்சக் காத்து என்ன செய்யும்?


சூட்டுக்கணக்கு

எல்லாரும் விழுற இடம் இதுதான். வாயு சூட்டைக் கடத்துற அளவு, அமுக்கத்தைக் குறைக்கிறதோட சேர்ந்து குறையாது. மூலக்கூறு ஒண்டு மற்றதில மோதாம ஓடுற சராசரித் தூரம் வளிமண்டலத்தில 0.07 மைக்ரோமீற்றர். அமுக்கம் பாதியானா மூலக்கூறு பாதியாகும், ஆனா ஒவ்வொண்டும் ரெண்டு மடங்கு தூரம் ஓடும். ரெண்டும் ஒண்டை ஒண்டு ஈடுசெய்யிறதால கடத்துதிறன் அப்பிடியே நிக்கும். அந்த ஓட்டத்தூரம் இடைவெளியின்ட அளவுக்குக் கிட்ட வந்த பிறகுதான் கடத்துறது குறையத் தொடங்கும். 1 பாஸ்கலில அது 7 மி.மீ., 0.1 பாஸ்கலில 7 சென்ரிமீற்றர்.

உங்கட போத்தலுக்கு, வாயுவால மட்டும் போற சூடு:
5 பாஸ்கலில 8, 9 வாட்.
1 பாஸ்கலில 2.5 வாட்டுக்குக் கிட்ட.
0.1 பாஸ்கலில 0.3 வாட்.
0.01 இல கணக்கிலயே எடுக்கத் தேவையில்லை.

காத்தே இழுக்காம அடைச்சா 15 வாட் அளவு. அப்ப 10 பாஸ்கலுக்கு இழுத்த போத்தலுக்கும் சும்மா அடைச்ச போத்தலுக்கும் வித்தியாசம் பெரிசா இல்லை.


குளிர்காற்று

இன்னொண்டு. 1 பாஸ்கலுக்கு இழுத்து நசுக்கிட்டம் எண்டே வைங்க. தகட்டின்ட மேல ஒட்டியிருக்கிற ஈரமும், வெல்டிங்கில பட்ட எண்ணெயும், ஸ்டீலுக்குள்ள இருக்கிற ஹைட்ரஜனும் மெல்ல மெல்லக் கழண்டு வரும். அந்த 3.5 மி.மீ. இடத்தின்ட கொள்ளளவு 200 மி.லீ. கூட வராது. அதுக்குள்ள அமுக்கம் ஏற ஒரு துளி ஈரம் போதும். சுடுதண்ணி ஊத்த ஊத்த இன்னும் வேகமாக் கழரும். முதல் கிழமை சூடு நிக்கும், மறுகா நிக்காது. வெல்டிங் பிழை எண்டு ஆர்கன் காரனோட சண்டைக்குப் போவீங்க.


லேத்தடி (ஏறாவூர்)

அப்ப பெக்டரியில எப்பிடிச் செய்யிறாங்க எண்டு தெரிஞ்சா, நம்மால ஏன் ஏலாது எண்டும் விளங்கும்.

உள்குடுவையைக் குழாயாச் சுருட்டி லேசர் வெல்டிங் போட்டு, அச்சுக்குள்ள வச்சுத் தண்ணி அமுக்கத்தால உப்ப வைப்பாங்க, அல்லது ஒரே தகட்டில இழுத்து எடுப்பாங்க. கழுத்தைச் சுருக்கி, உருட்டி மெலிப்பாங்க. செப்பு சுத்தி வெளிக்குடுவைக்குள்ள இறக்கி வாயை வெல்ட் பண்ணுவாங்க. வெளிக்குடுவையின்ட அடித்தட்டில ஒரு குழி, குழியின்ட நடுவில 1 மி.மீ. அளவு துளை. அந்தத் தட்டின்ட உள்பக்கம் கெட்டர் எண்டு ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கும். சிர்கோனியம் கலப்பு. வாயுவை உறிஞ்சிப் பிடிச்சு வச்சிருக்கிற சாமான் அதுதான்.

போத்தல்களைத் தலைகீழா வச்சு, குழியில ஒரு கண்ணாடி மணியை வச்சு, வக்கியூம் சூளைக்குள்ள விடுவாங்க. பம்ப் 0.01 பாஸ்கல் பக்கம் இழுக்கும். 500 பாகையை அண்டின சூட்டில தகட்டில ஒட்டினது எல்லாம் வெளியில போயிடும், கெட்டரும் உயிர் பெறும், கடைசியில கண்ணாடி இளகித் துளையை அடைச்சுடும். வால் கிடையாது, நசுக்கிற குழாயும் கிடையாது. அதுக்கு மேல ஒரு தகட்டுத் தட்டை ஒட்டி மூடினா வேலை முடிஞ்சுது.

சூளையும், அந்த அளவுக்கு ஆழமா இழுக்கிற டிபியூசன் பம்பும் இல்லாம இது நடக்காது தம்பி. செப்புக் குழாய் நசுக்கிறது பழைய முறை, அதிலயும் குழாயோட சேத்துச் சுட்டுக்கொண்டுதான் இழுப்பாங்க.


கறல் (மட்டக்களப்பு)

அந்த அடிமணியில சில கம்பனிகள் ஈயம் சேர்ந்த பற்று வைக்கிறது. பேர் போன அமெரிக்கக் கம்பனி ஒண்டு 2024 இல அதைத் தாங்களே ஒத்துக்கொண்டது. குடிக்கிற தண்ணியில அது முட்டாது, மூடித்தட்டு கழண்டு விழுந்தா மட்டும்தான் கையில படும். அடித்தட்டு கழண்ட போத்தலை ஒட்டிப் பாவிக்காம விடுறது நல்லம். பிள்ளையள் உள்ள வீடு எண்டா யோசிக்கவே வேணாம்.

தகட்டு விசயம். 304 எண்டு சொல்லி வாறதில 201 உம் இருக்கும். 304 இல 18% குரோமியம், 8% நிக்கல். 201 இல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டியிருப்பாங்க. காந்தத்தை வச்சுப் பிரிக்க ஏலாது: 201 உம் ஒட்டாது, 304 உம் இழுத்து வளைச்ச இடத்தில, குறிப்பாக் கழுத்தடியில, கொஞ்சம் ஒட்டும். மாங்கனீசு பாக்கிற துளிமருந்து போத்தல் ஒண்டு வாங்கி வச்சா போதும். ஒரு துளி விட்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடுத்தா 201 சிவக்கும், 304 பெரிசா நிறம் மாறாது.

நம்ம கரையோரக் கிணத்துத் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் கூட. 304 க்கு எதிரி குளோரைட்டு. தேத்தண்ணி, வெறும் தண்ணிக்கு 304 போதும். உப்பும் புளியும் போட்ட கஞ்சி, ரசம், மோர் எண்டு நாள் முழுக்க வைக்கிறதெண்டா 316 நல்லம், அதில 2, 3% மொலிப்டினம் இருக்கு. ஆனா விலை ஏறும். கிணத்துக்குப் போடுற குளோரின் தூளைக் கரைச்சுப் போத்தலை ஊற வைக்கிற வேலையை மட்டும் யாரும் செய்யாதீங்க, குத்திக் குத்திக் கறல் விழும். அடியில படியிற வெள்ளைச் சுண்ணாம்புக்கு எலுமிச்சம் புளியும் சுடுதண்ணியும் அரை மணித்தியாலம் போதும்.


வாவிக்கரை

சரி, வக்கியூமை விடுறன். ஆனா முழுசா மனம் வரேல்ல. இடைவெளியில ஏதாவது அடைச்சு, இருக்கிற பம்பால இழுத்துப் பாத்தா?


சூட்டுக்கணக்கு

நல்ல கேள்வி. வழி ஒண்டு இருக்கு. பியூம்ட் சிலிக்கா எண்ட மெல்லிய தூளை இறுக்கி அடைச்சா, தூளுக்குள்ள இருக்கிற இடுக்குகள் மைக்ரோமீற்றரை விடச் சின்னன். அப்ப மூலக்கூறு ஓடுற தூரம் அந்த இடுக்கைத் தாண்டினா போதும். 100 பாஸ்கலிலயே கடத்துதிறன் 0.004, 0.005 அளவுக்கு இறங்கிடும். போமை விட ஐஞ்சு மடங்கு நல்லது. குளிர்காற்று காக்காவின்ட பம்புக்கு 100 பாஸ்கல் விளையாட்டு.

ஆனா இங்க இடைவெளி கணக்குக்கு வந்துடும். 3.5 மி.மீ. எண்டா 4 வாட்டுக்கு மேல. 10 மி.மீ. எண்டா 1.5 வாட்டுக்கிட்ட. அப்ப வெளிவிட்டம் 87 மி.மீ. ஆகும், கையில பிடிக்க மொத்தம். தூளை 150 பாகைக்கு மேல நல்லாக் காய வைக்கோணும், குழாய் வாயில வடி இல்லாட்டித் தூள் நேர பம்புக்குள்ள போகும்.


குளிர்காற்று

சேர், அந்தத் தூள் பம்ப் எண்ணெயில கலந்தா பம்ப் முடிஞ்சுது. வடி இல்லாமக் கேட்டு வந்தா நான் பம்ப் தரமாட்டன், இப்பவே சொல்லிட்டன். தூளைக் கையாளுறவர் மூக்குக்கு நல்ல மாஸ்க் போடோணும், அது காத்தில எழும்பினா கன நேரம் நிக்கும்.


தோணிக்காரன் (கல்முனை)

நான் கடலுக்குக் கொண்டு போறவன். எல்லாப் போத்தலிலயும் சூடு 12 மணித்தியாலம், குளிர் 24 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. ஒரே போத்தல், எப்பிடி ரெண்டு கணக்கு? மறுகா, ஐஸ் போட்டா வெளியால வேர்க்கிற போத்தலும் இருக்கு, வேர்க்காததும் இருக்கு.


சூட்டுக்கணக்கு

சூட்டுத் தேத்தண்ணிக்கும் வெளிக்கும் 60 பாகை வித்தியாசம். ஐஸுக்கும் வெளிக்கும் 30 பாகைதான். பாதி வித்தியாசத்துக்குப் பாதிக்கும் குறைவான சூடுதான் நடமாடும். அதோட ஐஸ் உருகவே ஒரு கிலோவுக்கு 334 கிலோயூல் வேணும். அந்த நேரம் முழுக்க வெப்பநிலை 0 பாகையை விட்டு அசையாது. 400 கிராம் ஐஸுக்கு 134 கிலோயூல். 2 வாட் உள்ளுக்கு வாற சாதாரணப் போத்தலிலயே அது உருக 18 மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். 24 எண்டு போடுறதில பொய் இல்லை. ஐஸ் எவ்வளவு போட்டது எண்டு எழுதாம விடுறதுதான் சூட்சுமம்.

வேர்க்கிறது நல்ல சோதனை. நம்ம பக்கத்து ஈரக் காத்தில வெளிச்சுவர் நாலைஞ்சு பாகை குளிர்ந்தாலே வேர்வை கட்டும். வாய் விளிம்பில, மூடியடியில கொஞ்சம் ஈரம் வந்தா அது கழுத்தால வாறது, இயல்பு. உடம்பு முழுக்க வேர்த்தா வக்கியூம் செத்துப் போச்சு. திருத்த ஏலாது.


கறல்

தோணிக்காரன் தம்பிக்கு: போத்தல் அடியால விழுறதுதான் ஆபத்து. பக்கத்தில நெளிஞ்சா, நெளிவு உள்சுவரை முட்டாத வரைக்கும் ஒண்டும் ஆகாது. முட்டினா அந்த இடம் மட்டும் சுடும். அடியில கண்ணாடி அடைப்பு இருக்கு, அது வெடிச்சா கண்ணுக்குத் தெரியாம வக்கியூம் போகும். அடிக்குச் சிலிக்கோன் சப்பாத்து ஒண்டு போடுங்க. போட்டா, கிழமைக்கு ஒருக்கா கழட்டி நல்ல தண்ணியில கழுவுங்க. கடல்தண்ணி அந்தச் சப்பாத்துக்குள்ள நிண்டா காத்துப் படாத இடுக்கில 304 உம் அரிக்கும். சப்பாத்துப் போட்டு அப்பிடியே விட்ட போத்தலை விட, போடாத போத்தல் கறலுக்குத் தாங்கும்.


நெசவுக்காரி (மருதமுனை)

துணியில உறை தைச்சுப் போட்டா சூடு கூட நிக்குமா?


சூட்டுக்கணக்கு

வக்கியூம் நல்லா இருந்தா உறையால ஒண்டும் கூடாது தங்கச்சி. வெளிச்சுவர் ஏற்கெனவே காத்தின்ட வெப்பநிலையில இருக்கு. கீறலுக்கும் நெளிவுக்கும் உறை நல்லம். தோளில கொழுவ வார் வச்சுத் தைச்சா வயலுக்குப் போறவங்க கட்டாயம் வாங்குவாங்க.


லேத்தடி

இப்ப மூடிக்கு வாங்க. நம்ம பட்டறையில மெய்யாச் செய்யக்கூடிய இடமும், போத்தல் கெட்டுப் போற இடமும் அதுதான்.

சூடா ஊத்தி உடனே மூடிக் குலுக்கினா உள்ளுக்கு என்ன நடக்கும்? அடைபட்ட காத்து 30 இல இருந்து 90 பாகைக்குச் சூடாகும், 90 பாகையில தண்ணியின்ட ஆவியமுக்கம் மட்டும் 0.7 பார். ரெண்டும் சேர்ந்து வெளியமுக்கத்தை விட 0.8 பார் வரைக்கும் கூடலாம். 45 மி.மீ. வாயில அது 13 கிலோ தள்ளு. 63 மி.மீ. அகல வாய்ப் போத்தலில 25 கிலோ. அதனாலதான் அகல வாய் மூடி முகத்துக்கு நேர வெடிச்சுப் பறக்கிறது.

ஆகவே மரையை இப்பிடி வெட்டோணும்: மூடியைத் திருப்பத் தொடங்கினதும் வொஷர் விடோணும், அந்த நேரத்தில மரை குறைஞ்சது ஒண்டரைச் சுற்று இன்னும் பிடிச்சிருக்கோணும். மரையை நெடுக்கா வெட்டி ரெண்டு மூண்டு பள்ளம் விட்டா ஆவி அதுக்குள்ளால சீறிப் போகும், மூடி கையோட நிக்கும். பள்ளம் இல்லாட்டி ஆவி மரையைத் தள்ளிக்கொண்டு வரும். மரைக்கு மரை தூரம் 4 மி.மீ., முனை உருட்டினது. கூர் மரையில தேயிலைத் தூசு ஏறி நாறும்.

வொஷர்: உணவுக்குரிய சிலிக்கோன், ஷோர் (ரப்பரின்ட கடினத்தைச் சொல்ற அளவு) 50 அளவு மெது. 3 மி.மீ. தடிப்பு வளையத்தை 2.3 க்கு அமத்தினா போதும். அதைவிட இறுக்கினா கொஞ்ச நாளில பள்ளம் விழுந்து திரும்ப எழும்பாது. காடியில வளையத்தை விரல் நகத்தால கிளப்பி எடுக்க ஒரு வெட்டு விடுங்க. கழட்ட ஏலாத வொஷர் உள்ள மூடி ஒரு மாதத்தில பால் நாத்தம் அடிக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது.

பொலிப்புரோப்பிலீன் கடையேக்க நூல் நூலா வந்து சுத்தும். கூர் உளி, நிறையச் சாய்வு, மெல்லிய வெட்டு. சூடேறினா இளகி மரை பெருக்கும். நைலோன் வேணாம், தண்ணி குடிச்சு ஊதும்.


ஒலுவிலாள் (ஒலுவில்)

எதிர்ப்பக்கமும் இருக்கே. சூடா நிரப்பி இறுக்கி வச்ச மூடி, ஆறின பிறகு ஆளை வச்சு இழுத்தாலும் திறக்காது.


லேத்தடி

ஓம், ஆவி ஆறித் தண்ணியாகும்போது உள்ளுக்கு அமுக்கம் குறைஞ்சு மூடியை உள்ள இழுக்கும். மூடியின்ட வெளிப்பக்கத்தைச் சுடுதண்ணியில ஒரு நிமிசம் பிடிச்சா வொஷர் இளகும், உள்ளுக்கு இருக்கிற காத்தும் விரியும். குறடு போட்டுத் திருகாதீங்க, கழுத்து 0.2 தடிப்புத்தான், முறுகிடும். மூடியிலயே அமத்துற பொத்தான் ஒண்டு வச்சா இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனா அங்க இன்னொரு வொஷர், இன்னொரு கசிவு. வயலுக்குக் கொண்டு போற சாமானுக்குப் பொத்தான் வேணாம் எண்டதுதான் என்ட கட்சி.


ஒலுவிலாள்

பால் தேத்தண்ணி ஊத்துறவங்களுக்கு: 60 பாகைக்குக் கீழ இறங்கினதும் கிருமி பெருகத் தொடங்கும். சூடு நிக்கிற போத்தல் ஆறின பிறகு பாலைக் கெடுக்கிறதிலயும் கெட்டிக்காரன், ஏனெண்டா 30, 40 பாகையில கன நேரம் வச்சிருக்கும். பகல் வரைக்கும் வேணும் எண்டா பிளேன்டீயை ஊத்தி, பால்மாவைத் தனியாக் கொண்டு போங்க. மோர், பழச்சாறு புளிச்சா வாயு கட்டும், இறுக்கி மூடி வெயிலில வைக்கக்கூடாது.

ஊத்த முதல் சுடுதண்ணியால போத்தலைக் காய்ச்சி எடுக்கிறது எவ்வளவு உதவும்?


சூட்டுக்கணக்கு

எல்லாரும் சொல்ற அளவுக்கு இல்லை. உள்குடுவை 155 கிராம் ஸ்டீல். அதை 30 இல இருந்து 90 க்குக் கொண்டுபோக 4.6 கிலோயூல். 750 மி.லீ. தேத்தண்ணி அதால ஒண்டரைப் பாகை இறங்கும், அவ்வளவுதான். கண்ணாடிக் குடுவைக்கு இது வேற கதை, அங்க வெடிக்காம இருக்கவும் வேணும்.

கூடப் பயன் தாறது நிரப்புற அளவு. பாதிப் போத்தலும் முழுப் போத்தலும் ஏறக்குறைய ஒரே வாட்டைத்தான் இழக்கும். பாதிப் போத்தல் ரெண்டு மடங்கு வேகத்தில ஆறும். ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி எண்டா 750 ஐப் பாதியா நிரப்பாம 350 மி.லீ. போத்தல் எடுங்க.

அளந்து பாக்கிறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. தூர நிண்டு சூடு பாக்கிற கன் வெப்பமானியை மினுங்குற ஸ்டீலில அடிச்சா எண் பொய் சொல்லும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதில அடிங்க. அடுத்தது, சமையல் தராசில போத்தலை நிறுத்து வைங்க. 6 மணித்தியாலத்தில 5 கிராம் குறைஞ்சிருந்தா அந்த ஆவி மட்டும் அரை வாட்டைக் கொண்டு போயிருக்கு. சுவரில பிழை இல்லை, வொஷரை மாத்துங்க.


வாவிக்கரை

5 லீற்றர் கேன் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல.


லேத்தடி

அதுக்கு வக்கியூம் வேணவே வேணாம். வளிமண்டலம் சதுர மீற்றருக்கு 10 தொன் அமத்துது. உன்ட 73 மி.மீ. வெளிக்குழாய் 0.5 தகட்டில அதை ஐஞ்சாறு மடங்கு தாங்கும். 180 மி.மீ. விட்டத்துக்கு அதே தகட்டைப் போட்டா கணக்கில மயிரிழைதான் மிச்சம். கொஞ்சம் நெளிஞ்சிருந்தாலே அமுங்கிப் போகும். பெரிய ஜாடிகளில சுத்திவர வரம்பு உருட்டியிருக்கிறது அழகுக்கில்லை.

போம் போடு. உள்ளுக்கு 170 மி.மீ. விட்டம், 230 உயரத்தில ஸ்டெயின்லெஸ் பாத்திரம். வெளியில 225 பீவிசி குழாய் ஒரு துண்டு. சுத்திவரவும் அடியிலயும் 22, 25 மி.மீ. இடம் கிடைக்கும். அந்த இடத்தின்ட கொள்ளளவு நாலரை லீற்றருக்குக் கிட்ட. ரெண்டு கூட்டுப் பொலியூரிதேன் போம் ஒரு கனமீற்றருக்கு 40 கிலோ அடர்த்தி எண்டா 180 கிராம். மூலையெல்லாம் ஏற 200 கிராம் கலக்கு. ஒரே தரம் ஊத்தாத. அடிக்கு ஒரு தரம், அது எழும்பி நிண்ட பிறகு பக்கத்துக்கு. மேல 4 மி.மீ. துளை நாலு, காத்துப் போக. உள்பாத்திரத்துக்குள்ள தண்ணி நிரப்பி வச்சு ஊத்து, இல்லாட்டிப் போம் எழும்பேக்க மெல்லிய தகட்டை உள்ளுக்குத் தள்ளிடும். ஈரம் பட்ட இடத்தில போம் குமிழி விட்டுப் பொரிஞ்சு போகும், ரெண்டு பக்கமும் துடைச்சுக் காய வை. போம் கலவையில இருந்து வாற ஐசோசயனேட் புகை நெஞ்சுக்குக் கூடாது, வெளிக் காத்தில நிண்டு செய்.


சூட்டுக்கணக்கு

இந்த அளவுக்கு மூடியோட சேத்து 7 வாட் வரும். 1 கிலோ ஐஸ் 13 மணித்தியாலம் நிக்கும். வயலுக்குப் போதும்.

ரெண்டு இடத்தில கவனம். உள்பாத்திரத்தின்ட விளிம்பை வெளியில மடிச்சுப் பீவிசியில முட்ட விடாதீங்க, அந்த மடிப்பால சூடு நேர உள்ள போகும். விளிம்பு ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள்ள முடியட்டும். அடுத்தது நிறம். போம் கேனில வெளிச்சுவரின்ட சூடு கணக்கில வரும். கச்சான் காத்து அடிக்கிற காலத்து வெயிலில மினுங்குற ஸ்டீல் வெளிச்சுவர் வெள்ளைப் பெயின்டை விடக் கூடச் சுடும். அது வெயிலைக் கொஞ்சம் வாங்கும், வாங்கினதை வெளியில விடாது. வெள்ளை அடிங்க.


கறல்

டெப் பித்தளையில வேணாம், பிளாஸ்டிக் போடுங்க. துளையில உள்ளுக்கும் வெளிக்கும் சிலிக்கோன் வொஷர், நடுவில போமைத் தண்ணி தொடாம ஒரு குழாய்த் துண்டு. ஈரம் ஏறின போம் ஒரு போகத்தில பாரமாகிக் குளிரும் நிக்காமப் போறது இந்தத் துளையாலதான்.


வாவிக்கரை

அப்ப போத்தலுக்கு வக்கியூம் உடம்பை மொத்தமா இறக்கி, மூடியையும் அடிச் சப்பாத்தையும் வாரையும் மட்டும் இங்க செய்யிறன். கேன் முழுக்க இங்க. மூடி மரை எந்த உடம்புக்கும் பொருந்துற மாதிரி வெட்டலாமா அண்ணே?


லேத்தடி

பொருந்தாது. 45 எண்டு வாற வாய் ஒரு தொகுதியில 44.6, அடுத்ததில 45.3. மரையை வாயில பிடிக்க விடாம ஒரு கால் மில்லிமீற்றர் தளர்வா வெட்டு, கசிவை வொஷர் மட்டும் பாத்துக்கொள்ளட்டும். வொஷரை வாயின்ட மேல் விளிம்பில உக்கார வை, உள்பக்கச் சுவரில வைக்காத. விளிம்பு வெல்டிங் அரைச்சுத் தட்டையாத்தான் வரும், உள்பக்கம் கோணல் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலயும் பத்து உடம்பை எடுத்து வெர்னியரில வாயை ரெண்டு குறுக்காலயும் அள. குறுக்குக்குக் குறுக்கு 0.3 க்கு மேல வித்தியாசம் வந்தா அந்தத் தொகுதியைத் திருப்பு. சுடுதண்ணி ஊத்தி அடியைத் தொட்டுப் பாக்காம காசு குடுக்காத.